மண்டபத்தில் பிறந்தவருக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்?

தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பலர், வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்த பிறகுதான் பாஸ்போர்ட்டைப் பற்றியே நினைக்கிறார்கள். விசாப் படிவத்தில் பிறந்த நாடு இந்தியா என்று எழுதியாயிற்று. அடுத்து, குடியுரிமை. இலங்கை என்று எழுதினால் அந்த நாடு கொடுத்த ஒரு தாள்கூடக் கையில் இல்லை. இந்தியா என்று எழுதச் சட்டம் விடுமா என்று தெரியாது. அங்கேயே நின்றுவிடுகிறது எல்லாம்.

விசாவை ஓரமாக வைத்துவிட்டுக் கீழே உள்ள வரிசையில் வாருங்கள். படிகளை மாற்றிப் போடாதீர்கள்.

1. பிறந்த தேதியைப் பாருங்கள்

இந்தியக் குடியுரிமைச் சட்டம் (1955) பிறந்த ஊரைவிடப் பிறந்த தேதியைத்தான் கூர்ந்து பார்க்கிறது. அதில் மூன்று கட்டங்கள்.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பால் இந்தியர். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண் ஒருவருக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் இந்தியரே என்று சொல்லி, பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்கும் போட்டார்.

1987 ஜூலை 1 முதல் பிறந்தவர் என்றால், தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். இங்கே பெற்றோரின் பழைய பெட்டியைத் துழாவுங்கள். தாயோ தந்தையோ மலையகக் குடும்பமாக இருந்து, 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்றிருந்தால் அந்தப் பழைய பாஸ்போர்ட் உங்கள் வாழ்க்கையையே மாற்றக்கூடும்.

2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. உரிய பயணத் தாள் இல்லாமல் படகில் வந்தவர்களை இந்தச் சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் உதவாதா என்று கேட்காதீர்கள். அதில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆணை, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு தருகிறது. நல்ல செய்திதான். ஆனால் அது குடியுரிமை அல்ல.

2. ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு பக்கமும் மனுப் போட்டு வைப்போம், எது வருகிறதோ வரட்டும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்.

முதல் கட்டத்தில் வருகிறவர், பிறப்பால் இந்தியர். குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறும் இந்தியர் இந்தியக் குடியுரிமையை இழப்பார். ஆகவே 1987 ஜூன் 30-க்குள் பிறந்தவர்கள் வழக்கறிஞரிடம் பேசாமல் இலங்கைத் தரப்பில் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். அவசரத்துக்கு இலங்கை பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, பிறகு இந்தியன் என்று நிரூபிக்க அலைவதைவிட முதலிலேயே நீதிமன்றப் படி ஏறுவது மேல்.

இந்தியராக இல்லாதவர் ஏஜென்ட் பேச்சை நம்பி இந்திய பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுவது அதைவிட ஆபத்து. தம் குடியுரிமையை மறைத்து பாஸ்போர்ட் வாங்கினால், 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆதார் இருக்கிறதே என்பார்கள். ஆதார் அடையாளத்துக்கு மட்டுமே சான்று, குடியுரிமைக்கு அல்ல.

பெற்றோர் இருவரும் இலங்கையர், நீங்கள் 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர் என்றால் உங்கள் வழி இலங்கை வழி. அடுத்த படிகள் உங்களுக்கு.

3. பிறப்புச் சான்றிதழ்

நகராட்சியிலோ ஊராட்சியிலோ பதிந்த சான்றிதழ், உங்கள் பெயரோடு. பதியாமலே விட்டிருந்தால், ஓராண்டு தாண்டியதற்குக் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும்.

4. பெயர்களை ஒன்றாக்குங்கள்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போடுங்கள். மேலே வரிசையாக: தந்தையின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், முகாம் குடும்ப அட்டை, உங்கள் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ். இடப்பக்கம் தந்தை பெயர், தாய் பெயர், உங்கள் பெயர், பிறந்த தேதிகள். இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். யாழ்ப்பாணத்தில் 'செல்லையா சிவராசா' என்று பதியப்பட்டவர் முகாம் அட்டையில் 'சிவராஜா' என்றும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் 'சிவராஜ்' என்றும், பள்ளிச் சான்றிதழில் வெறும் முதலெழுத்தாகவும் இருப்பார். வீட்டில் எல்லோருக்கும் அது ஒரே ஆள். கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு நான்கு ஆட்கள்.

திருத்தும்போது என் விதி ஒன்றுதான்: மிகப் பழைய தாளைத் தொடக் கூடாது, புதிய தாள்கள் அதற்கு இணங்கட்டும். தந்தையின் இலங்கைச் சான்றிதழில் 'சிவராசா' என்றால், உங்கள் பிறப்புப் பதிவில் தந்தை பெயரை அப்படியே திருத்தச் சொல்லி நகராட்சியில் மனுக் கொடுங்கள். அதைக் காட்டி மற்றதைத் திருத்துங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி ஒட்டவைப்பது எல்லோருக்கும் பிடித்த குறுக்குவழி. இன்றைக்கு ஒரு கவுண்டரைத் தாண்டலாம். நாளைக்கு வேறொரு தூதரகத்தில் அதே கேள்வி வரும். பதிவேட்டைத் திருத்துங்கள்.

பெற்றோரின் இலங்கைச் சான்றிதழ் தொலைந்திருந்தால், ஊரில் உள்ள உறவினர் மூலம் பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் கிடைக்கும். தந்தை தரப்புத் தாள் எதுவும் தேறவில்லையா? மனம் தளர வேண்டாம். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இலங்கைக் குடியுரிமை தாய்வழியிலும் வரும்.

5. துணைத் தூதரகம்

சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இரண்டு தாள்கள் வாங்க வேண்டும். ஒன்று தூதரகப் பிறப்புப் பதிவு, மற்றது வம்சாவழிக் குடியுரிமைச் சான்றிதழ். முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட்டுக்கும் இலங்கையின் தேசிய அடையாள அட்டைக்கும் கேட்கப்படுவது இரண்டாவது. பிறந்து ஓராண்டுக்குள் பதிவதுதான் சட்டம். தாமதத்துக்குக் காரணம் காட்டினால் அனுமதி உண்டு. தனியாகப் போக வேண்டாம். இதே வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தினரிடம் கோப்பை முதலில் காட்டுங்கள். பிறகு பாஸ்போர்ட் மனு. மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்தே திட்டமிடுங்கள்.

6. எக்சிட் பர்மிட்

பாஸ்போர்ட் வந்ததும் டிக்கெட் போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். அந்த பாஸ்போர்ட்டில் இந்தியாவுக்குள் வந்த முத்திரையே கிடையாது. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் எக்சிட் பர்மிட் இல்லாமல் விமான நிலையத்தில் தாண்ட முடியாது. அதற்கு முகாம் நிர்வாகமும் காவல்துறையின் கியூ பிராஞ்சும் ஆட்சேபம் இல்லை என்று சொல்ல வேண்டும். போய்விட்டால் முகாம் பதிவு போய்விடும். திரும்பி வர விசா வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

7. விசாப் படிவம்

பிறந்த நாடு இந்தியா, குடியுரிமை இலங்கை. தாத்தாவின் ஊரைப் பிறந்த ஊராக எழுதாதீர்கள். பின்னாளில் இந்திய விசா கேட்கும்போது, குடியுரிமை பிறப்பாலா, பின்னர் பெற்றதா என்று படிவம் கேட்கும். நீங்கள் இன்னொரு நாட்டை விட்டுவிட்டு இலங்கையரானவர் அல்ல, பெற்றோர் வழியாகவே இலங்கையர். 'பிறப்பால்' என்று குறித்து, குடியுரிமைச் சான்றிதழின் நகலை இணையுங்கள். ஒரு பக்கத்தில் சின்ன விளக்கக் கடிதமும் வையுங்கள்: பெற்றோர் எந்த ஆண்டு வந்தார்கள், நீங்கள் எங்கே பிறந்தீர்கள், எந்த எண்ணுள்ள சான்றிதழ். வருத்தக் கதை வேண்டாம், தேதிகள் போதும்.

உங்கள் முகாமில் இந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் இருப்பார்கள். முதல் பிறந்தநாளுக்குள் அவர்கள் பெயரைத் தூதரகத்தில் பதியச் சொல்லுங்கள். நாடு இல்லாத பிள்ளையாக எந்தக் குழந்தையும் வளரத் தேவையில்லை, அதற்கு வேண்டிய தாள்கள் இன்று பெற்றோர் கையிலேயே இருக்கும்போது.