தொட்டி நீரும் தூது முறைகளும்

கோடைக்கானல் மேல்மலையில் நம் டிரஸ்ட் பராமரிக்கும் குடிநீர்த் தொட்டியில் சென்ற மழைக்காலத்தில் நடந்ததை ஜமாஅத்தார் அறிவீர்கள். "தொட்டி நிறைவு" என்று கைப்பேசி நான்கு நாட்கள் காட்டியது, தொட்டியோ காலி. கருவி முதல் நாளே நின்றுவிட்டது, பழைய அளவு மட்டும் திரையில் நின்றது. பெண்கள் ஓடைக்குக் குடம் சுமந்தார்கள். இப்போது புதுக் கருவிக்கு சதகா பணம் வந்திருக்கிறது. அது அமானத் என்பதால், வாங்குமுன் படித்தறிந்ததை எழுதுகிறோம்.

கருவி சொல்ல வேண்டியது ஒரே ஒரு எண். இணையதளங்கள் பயன்படுத்தும் எச்.டி.டி.பி. முறையில் அந்த எண்ணோடு நூற்றுக்கணக்கான பைட் முகவுரையும் போகும். பேட்டரிக்கு அது வீண் சுமை.

எம்.க்யூ.டி.டி. முறை 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவானது. முகவுரை குறைந்தது 2 பைட். 'புரோக்கர்' என்ற நடுநிலையம் செய்தியை வாங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பும். இதில் நம்மைக் கவர்ந்தது 'வில்', அதாவது வஸிய்யத். "எதிர்பாராமல் என் தொடர்பு அறுந்தால் இதை அறிவித்துவிடு" என்று கருவி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உயிர்க்குறி அனுப்பும்படி அமைத்தால், பதினைந்து நிமிடம் சத்தமில்லாதபோது புரோக்கர் அதை அறிவிக்கும். ஆனால் அதற்குத் தொடர்பு அறாமல் இருக்க வேண்டும். கருவி நன்றாகத் தூங்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் சோலார் தகடு எவ்வளவு தரும்?

'கோப்' முறை 2014இல் தரப்படுத்தப்பட்டது. முகவுரை 4 பைட். கருவி விழித்து, அளவைச் சொல்லி, "கிடைத்தது" என்ற பதிலைப் பெற்றுத் தூங்கிவிடலாம். பதில் வராவிட்டால் இடைவெளியைக் கூட்டிக்கூட்டி நான்கு முறை வரை மறுபடி அனுப்பும். வஸிய்யத் இதில் இல்லை. இரண்டு தகவல் தவறினால் "செய்தி இல்லை" என்று காட்டும் ஏற்பாட்டைப் பெறுமிடத்தில் நாமே செய்ய வேண்டும்.

லோராவை இவற்றோடு ஒப்பிட்டுச் சிலர் கேட்டார்கள். அது தூது முறையல்ல, பாதை: இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவைப்படாத வானொலி அலை. நடுவே மலைமுகடு நின்றால் அதுவும் தடுமாறும்.

மேல் தொட்டிக்கு கோப், மின்சாரம் உள்ள மோட்டார் அறைக்கு எம்.க்யூ.டி.டி. என்பது நம் கருத்து. மோட்டாருக்கு "நிலையை மாற்று" என்ற கட்டளை கூடாது. அது இருமுறை போய்ச் சேர்ந்தால் ஓடிய மோட்டார் நின்றுவிடும். "ஓடு" என்பது இருமுறை வந்தாலும் கெடுதல் இல்லை. ஒவ்வொரு அளவோடும் எடுத்த நேரமும் திரையில் தெரிய வேண்டும். இவற்றை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் தருவதென நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது.