கூடாரத்துக்கு எந்த வாள்?

ஊவா மலைகளுக்குக் குறைந்த சுமையோடு சென்று கூடாரமடித்துத் தங்குவோரிடையே, தமிழகத்தார் ரம்பம் என்று சொல்லும் வாள் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. உண்மையில், பற்கள் கட்டைக்கு வெளியே வந்து தூளை உதிர்த்தால்தான் அடுத்த இழுப்பில் ஆழ இறங்கும் என்பதால், அலகின் நீளத்தில் ஏறக்குறைய பாதிப் பருமனுள்ள கட்டைவரை ஒரு வாள் தடையின்றி அரியும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து செய்யும்போது, அதாவது மீண்டும் தளிர்க்கும்படி தாழ வெட்டிவிடும்போது விழும் மிலாறும், நிழலுக்காக நட்ட சவுக்கின் காய்ந்த கிளைகளுமே (இது கடலோரச் சவுக்கன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரேவிலியா) பதுளைப் பக்கத் தோட்டங்களில் கிடைக்கும் விறகு. பெரும்பாலும் மணிக்கட்டுப் பருமனைத் தாண்டாத இவற்றுக்கு 7 அல்லது 8 அங்குல மடக்குவாள் தாராளம். மிலாறை நம்பி தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்புகள் எரிவதால், அதைக் கேட்டுப் பெறுவதே முறை.

கவ்வாத்துக் கத்தி இருக்க வாள் எதற்கு என்பது தோட்டத்திலேயே பிறந்த நம்பிக்கை. அதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் வளைந்த அந்தக் கத்தி, வேரின் பிடிப்போடு நிற்கும் பச்சைக் கிளையைச் சாய்வாகச் சீவுவதற்கானது. தரையில் கிடக்கும் காய்ந்த மிலாறில் அதை ஓங்கினால் குச்சி துள்ளும், அலகு காலை நோக்கித் திரும்பும்.

மடக்குவாளின் மெல்லிய அலகு எளிதில் ஒடியும் என்பாரும் உளர். இழுக்கும்போது மட்டும் அரியும்படி பல் வைத்த வாளில், இழுவிசை அலகை நேராக நிறுத்துவதால் அது மெல்லியதாக இருப்பதே போதும். அதைத் தச்சர் வாளைப்போல் முன்னோக்கித் தள்ளுவோரே அலகை வளைத்து ஒடிக்கின்றனர். மற்றொரு காரணம் கட்டை கிடக்கும் நிலை: இரு முனைகளும் கல்லில் தாங்க நடுவில் அரிந்தால், கட்டை தொய்ந்து வெட்டுவாய் மேற்புறம் மூடி அலகைக் கவ்விக்கொள்ளும்; கல்லுக்கு வெளியே நீண்டிருக்கும் முனையை அரிந்தால் வாய் தானே விரியும்.

அரம் போட்டு எந்த வாளையும் தீட்டலாம் என்பதும் சரியன்று. நுனி கருநீலமாகத் தெரியும் பற்கள் பெரும்பாலும் வெப்பத்தால் கடினமாக்கப்பட்டவை, அவற்றில் அரம் வழுக்கும். அலகையே மாற்ற வேண்டும்.

வாளில்லாமல் மலையேறக்கூடாது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் விந்தையானது. பலரும் கூடாரமடிக்கும் நாரங்கலையின் உச்சி பத்தனை எனப்படும் புல்வெளி, அரிவதற்கு அங்கே மரமில்லை; 1988இல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியிலோ கிளையை வெட்டுவதே குற்றம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் பெய்துவிட, வறண்ட கச்சான் காற்று இப்பக்கம் இறங்கும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஒரு பொறி பட்டாலே பத்தனை பற்றிக்கொள்ளும் என்பதால், அங்கே தங்குவோர் வீட்டில் சமைத்த சோற்றுப் பொதியைக் கொண்டுபோவதே மேல்.