எந்த எலியை வளர்க்கலாம்?

"சார், விடுமுறையில் கினிப்பன்றி வாங்கலாமா, ஹாம்ஸ்டர் வாங்கலாமா?" புளியந்தோப்பில் எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. அவன் கையில் ஒரு வெப்பமானியைக் கொடுத்தேன். "எலிக்கும் வெப்பமானிக்கும் என்ன தொடர்பு?" என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

அவன் வயதில் எனக்கும் அப்பா ஒரு கினிப்பன்றி வாங்கித் தந்தார். எங்களுடையது தகரக் கூரை வீடு. பழைய மீன் தொட்டியில் வைக்கோல் பரப்பி அதை வளர்த்தேன். மே மாதத்தில் ஒரு நாள், காற்று வரட்டும் என்று மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, உறவினர் வீட்டுக்குச் சென்றோம். மாலையில் வந்து பார்த்தால் அது இறந்து கிடந்தது. தீனி இருந்தது; தண்ணீர் இருந்தது; விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு என்ன குறை? கல்லூரியில் வெப்பவியல் படித்தபோதுதான் எனக்கு விடை தெரிந்தது.

உயிருள்ள உடல் எப்போதும் வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே பாயும் அல்லவா? கினிப்பன்றியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38°C. அறை 24°C-இல் இருந்தால் வெப்பம் எளிதில் வெளியேறும். அறை 35°C ஆனால் வெளியேறுவது மிகவும் குறைந்துவிடும். 38°C-ஐத் தாண்டினாலோ, காற்றின் வெப்பம் உடலுக்குள் பாயத் தொடங்கும்! சென்னையில் 2003 மே மாதத்தில் வெப்பநிலை 45°C-ஐத் தொட்டது.

அத்தகைய வேளையில் நம்மைக் காப்பது வியர்வை. அது ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை; வியர்வை விரைவில் ஆவியாக உதவுகிறது, அவ்வளவுதான். எலி இனப் பிராணிகளுக்கோ நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. சுடுகாற்றை அவற்றின்மேல் வீசி என்ன பயன்? போதாக்குறைக்கு, என் தொட்டியில் நான்கு பக்கமும் கண்ணாடி. காற்றோட்டத்திற்கு வழியே இல்லை. ஆகவே கம்பிக் கூண்டே நல்லது.

இப்போது எலிகளை ஒப்பிடுவோம். வெள்ளை எலியின் நீண்ட வாலைக் கண்டு பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் பேருந்தின் ரேடியேட்டர் செய்யும் வேலையை அந்த வால் செய்கிறது! அதில் அடர்ந்த ரோமம் கிடையாது. உடல் சூடேறினால் வாலில் இரத்த ஓட்டம் மிகும். வெப்பம் அதன் வழியே வெளியேறும். கினிப்பன்றிக்கு வெளியே தெரியும் வாலே இல்லை. ஹாம்ஸ்டருக்கு இருப்பது குட்டை வால். சிரியா நாட்டுப் பகுதியைச் சேர்ந்த அது, மண்ணில் ஆழமாக வளை தோண்டிப் பகல் வெப்பத்தைத் தவிர்க்கும் பிராணி. நம் கூண்டில் அதற்கு வளை ஏது?

வாழ்நாளையும் கணக்கில் கொள்ளுங்கள். வெள்ளை எலியும் ஹாம்ஸ்டரும் 2 அல்லது 3 ஆண்டுகள் வாழும். கினிப்பன்றி 5 முதல் 7 ஆண்டுகள் வாழும். ஆறாம் வகுப்பில் வாங்கினால், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின்போதும் நீங்கள்தான் அதற்குத் தீனி வைக்க வேண்டும். நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் வைட்டமின் சி-யைத் தயாரிக்க முடியாது. எனவே பச்சைக் கீரையும் சிறு துண்டு கொய்யாவும் தேவை.

ஓர் எச்சரிக்கை: வீட்டில் பிடிபட்ட எலிக்குஞ்சை வளர்க்கவே கூடாது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா எலியின் சிறுநீரில் இருக்கலாம். மழைநீர் தேங்கும் நம் பகுதியில் இதை மறக்கக் கூடாது. காட்டெலியும் வீட்டெலியும் நெருங்க முடியாத இடத்தில் கூண்டை வையுங்கள். எந்த எலியைத் தொட்டாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

செய்து பாருங்கள்

கூண்டு வைக்க நினைக்கும் இடத்தில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், வெயில் படாமல் ஆய்வக வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது, அது 35°C-க்குக் கீழே காட்டாது.) கோடையில் ஏழு நாட்கள், பிற்பகல் 2 மணிக்கு அளவைக் குறித்து வாருங்கள். 30°C-ஐத் தாண்டினால் கினிப்பன்றியும் ஹாம்ஸ்டரும் வேண்டாம். 33, 34 என்று ஏறினால் வெள்ளை எலியும் வேண்டாம்.

ஏற்கெனவே வளர்க்கிறீர்களா? உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வையுங்கள். பிராணி எச்சில் வடித்து, வேகமாக மூச்சு வாங்கிச் சாய்ந்து கிடந்தால், நிழலான இடத்திற்கு மாற்றிக் காதுகளைத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் நீர் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வடசென்னைவாசிகளுக்கு, 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

அந்த மாணவன் என்ன முடிவு செய்தான்? ஏழு நாட்கள் கழித்துக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தான். 35, 36, 35 என்றே எண்கள் இருந்தன. "இப்போது வேண்டாம் சார். கூரைமேல் கீற்றுப் போடப் போகிறோம். அப்புறம் மறுபடி அளக்கிறேன்" என்றான்.

உங்கள் வீட்டில் எத்தனை டிகிரி?