பழைய வண்டியும் தானியங்கி கியரும்

மைசூரில் பழைய எஸ்.யு.வி. வாங்கிய அன்பர்கள் சிலர், "பழுது பார்த்தும் வண்டி மறுபடியும் உதறுகிறது" என்று வருந்துவதுண்டு. உதறல் ஒன்றுதான்; காரணம் கியர்பெட்டிக்குக் கியர்பெட்டி மாறும்.

சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். 2013இல் வந்த தானியங்கி வண்டியில் இருந்தது இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி. அது உலர் கிளட்ச்; எண்ணெயில் மூழ்கியிராது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடேறும். பிடிமானம் சீர்கெட்டு வண்டி உதறும். கிளட்சை மாற்றினாலும், ஓட்டும் விதம் மாறாவிட்டால் உதறல் திரும்பிவிடும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். 2017இல் வந்த புதிய ஈகோஸ்போர்ட்டில் அந்நிறுவனம் 'டார்க் கன்வர்ட்டர்' வகைக்கு மாறியது. ஒரே பெயர், இரு வேறு பெட்டிகள்! ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

டார்க் கன்வர்ட்டர் வகையில் எண்ணெய்தான் உயிர். சீரான வேகத்தில் போகும்போது அதிர்ந்தால் முதலில் அதைச் சோதியுங்கள். கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தேய்கிறது என்று கொள்ளலாம். ஒருமுறை வடித்து ஊற்றுவதால் முழு எண்ணெயும் மாறாது. கன்வர்ட்டருக்குள் ஒரு பகுதி தங்கிவிடும். பழுது திரும்ப இதுவும் ஒரு காரணம். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

வாங்குமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கிளப்பி, ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றிப் பாருங்கள். தாமதமோ இடியோ தெரிகிறதா? பிறகு சாமுண்டி மலை ஏறிப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.