ஸ்பானியல் வளர்க்கப்போகும் பிள்ளைகளுக்கு

1. குட்டி வாங்கப் பெங்களூருக்குக் கிளம்பும் முன் இனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பானியல்களில் மிகப் பருத்தது கிளம்பர். இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷையரில் நியூகாசில் பிரபுக்களுக்கு இருந்த கிளம்பர் பூங்காவின் பெயரே அதற்கு வந்தது. வெள்ளை உடம்பு, எலுமிச்சை நிறத் திட்டு, குட்டைக்கால், கனத்த தலை. ஆண் நாய் 30 கிலோவைத் தாண்டும். குளிர்நாட்டுப் புதருக்குள் நிதானமாக மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய் அது. அதைத் தருமபுரி வெயிலுக்குக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன். காக்கர் ஸ்பானியல் அதில் பாதி எடைதான். அதை வளருங்கள். இனி நான் சொல்வது காக்கருக்கும், வீட்டோடு கிடந்து பருத்துப்போகும் லேப்ரடாருக்கும் பொருந்தும்.

2. சாதுவான நாய் எதையும் கேட்காது. வெயில் ஏறினாலும் படுத்த இடத்திலேயே கிடக்கும், வலித்தாலும் முனகாது. அதனால் நீங்கள்தான் கவனிக்க வேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதன் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஈறு செக்கச்செவேல் என்றாகி, எச்சில் கயிறாக ஒழுகி, நடை தள்ளாடினால் நேரம் கடத்தாதீர்கள். நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறி போடுங்கள், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கோடையில் நடக்க வைப்பது விடியற்காலையிலும், தார்ச்சாலை ஆறிய பிறகும்தான். சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது. தகரக் கொட்டகைக்கு அடியில் ஒருநாளும் கட்டாதீர்கள்.

3. ஸ்பானியலின் கண்ணைப் பார்த்துச் சோறு போட்டால் ஒரு வருடத்தில் உருண்டுவிடும். விலாவைத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். கூடுகிற ஒவ்வொரு கிலோவும் இடுப்பு மூட்டில் இறங்குகிறது. கேழ்வரகுக் களி கொடுக்கலாம், ஆனால் களி மட்டும் போதாது. முட்டையோ கறியோ சேர வேண்டும். வெங்காயம் போட்ட குழம்பு, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு இவை எதுவும் வேண்டாம்.

4. மாங்கொட்டை. நம் மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மாம்பழக் காலத்தில் முற்றத்தில் எறிந்த கொட்டையை நாய் விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். வாந்தி நிற்காமல், மலம் கழியாமல் இருந்தால் கைமருந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அறுவை செய்துதான் எடுக்க வேண்டிவரும்.

5. தொங்குகிற காதுக்குள் காற்றுப் புகாது, ஈரம் தங்கும். குளிப்பாட்டியதும் துடையுங்கள். வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். நாற்றம் வந்தாலும், நாய் ஓயாமல் தலையை உதறினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். வரப்பில் நடந்து வந்தால் காதோரமும் விரலிடுக்கும் பாருங்கள். நாயுருவியும் ஊசிப்புல்லும் அங்கேதான் ஒட்டியிருக்கும். ஊசிப்புல் தோலைத் துளைத்து உள்ளேயே போய்விடும்.

6. உண்ணிக்கு வயலுக்கு அடிக்கும் மருந்தைத் தெளிக்கவே கூடாது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோறு தொடாது, ஈறு வெளுக்கும், சில நேரம் மூக்கில் இரத்தம் வரும். தொழுவச் சுவரின் விரிசல்களையும் அடையுங்கள், உண்ணி அங்கே முட்டையிடும்.

7. பல ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு இருப்பதால்தான் நமக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. நீங்கள் குடிக்கிற தண்ணீரையே நாய்க்கும் வையுங்கள்.

8. பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்க வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் தவறாமல் போடுங்கள். வீட்டு நாய்தானே என்று கடியை விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளூரில் முடியாத சிகிச்சைக்கு நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு வண்டிக்காரரை இப்போதே பேசி வையுங்கள்.