அலமாரிக்கு ஏற்ற மாம்பழம்

மலையடிவாரத்து வத்திராயிருப்புக்காரர்கள் பெரிய சாமான் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறுவது புதிதல்ல. முன்பு பஜாரில் இறங்கினார்கள், இப்போது பலர் ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் வாசலில் இறங்குகிறார்கள். திரும்பும்போது சாமானோடு சில நம்பிக்கைகளும் பையில் வந்துவிடுகின்றன.

நம்பிக்கை: சூப்பர் மார்க்கெட் பழம் தரமானது, தெருவில் விற்பது கல் வைத்துப் பழுக்க வைத்தது.

கார்பைடு கல்லுக்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே தடை இருக்கிறது. பழுக்க வைக்க எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்த அனுமதி உண்டு. தள்ளுவண்டிக்கும் ஏசி கடைக்கும் சட்டம் ஒன்றுதான். மீறுகிறவர் யார் என்பதைக் கடையின் விளக்கு வெளிச்சம் சொல்லாது.

தரம் மாறுவது வேறு இடத்தில். இந்த மலையடிவாரத் தோப்புகளில் சப்பட்டை, பஞ்சவர்ணம் என்ற நாட்டு மாம்பழ ரகங்கள் காய்க்கின்றன. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடைக்கு வேண்டியதோ ஒரே அளவு, ஒரே நிறம், கிடங்கு, லாரி, அலமாரி எல்லாம் தாண்டியும் தோல் சுருங்காத பழம். நாட்டு ரகங்கள் அந்தக் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. அவசரத்தில் முற்றாத காயைப் பறித்தால், எத்திலீன் மஞ்சள் நிறத்தைத் தரும், இனிப்பைத் தராது. காம்படியில் மோந்து பாருங்கள். வாசமே இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

பால்கோவாவும் இப்படித்தான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்பது பாலும் சீனியும்தான். வெளியில் வைத்தால் சில நாள்தான் தாங்கும். மாதக்கணக்கில் காலாவதித் தேதி போட்ட டப்பா கையில் கிடைத்தால், அது எப்படித் தாங்குகிறது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிடுங்கள்.

நம்பிக்கை: அண்ணாச்சி கடைச் சில்லறைச் சாமானில் கலப்படம் இருக்காது.

எனக்கும் அண்ணாச்சி கடை மேல்தான் பாசம். ஆனால் உதிரியாக அளந்து தரும் எண்ணெய்க்கு விதிகளில் இடமில்லை. உதிரி மிளகாய்த்தூளில் கலப்படம் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று பிடிப்பது கடினம். செய்தித்தாளில் பலகாரம் மடித்துக் கொடுக்க வேண்டாம், மை உடம்புக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது. வடைக் கடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நம்பிக்கை: பெரிய கடை வந்தால் சின்னக் கடை செத்துவிடும்.

1997-ல் சென்னையில் தொடங்கிய சுபிக்‌ஷா, மலிவு விலையை வைத்தே நாடு முழுக்க 1,600 கடை வரை பரவியது. 2009-க்குள் பணமின்றி முடங்கியது. அது இருந்த தெருக்களில் பலசரக்குக் கடைகள் இன்றும் திறந்திருக்கின்றன. வெளிநாட்டுக் கம்பெனி வத்திராயிருப்பு வரை வந்துவிடும் என்ற பயமும் அதிகப்படி. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கு 2012-ல் மத்திய அரசு கொடுத்த அனுமதி மாநிலம் சம்மதித்தால்தான் செல்லும், அதுவும் பெரும்பாலும் 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கு. ஜெயலலிதா அரசு சம்மதிக்கவே இல்லை.

சின்னக் கடையைக் காப்பாற்றுவது பற்று நோட்டு. பத்து ரூபாய்க்குச் சீரகம், வாரக் கூலி வந்ததும் கணக்குத் தீர்ப்பது, பிள்ளையை அனுப்பினாலும் சரியான சாமானைக் கொடுத்துவிடுவது. எந்த பில்லிங் மெஷினும் இதைச் செய்வதில்லை.

ஆபத்து வாசல் வழியாக வரவில்லை, கொள்முதல் வழியாக வருகிறது. அதே சோப்பு, அதே பிஸ்கட், பெரிய கடைகளுக்கும் ஆன்லைன் மொத்த வியாபாரிகளுக்கும் குறைந்த விலைக்குப் போகிறது. பெட்டி பெட்டியாக எடுப்பவருக்குக் கம்பெனி தரும் கழிவு, ஒரு அட்டை வாங்குகிறவருக்குக் கிடைக்காது. 2021 இறுதியில், சின்னக் கடைகளுக்குச் சரக்கு போடும் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, எல்லோருக்கும் ஒரே விலை தராவிட்டால் 2022 ஜனவரி 1 முதல் ஒத்துழைக்க மாட்டோம் என்று கம்பெனிகளுக்குக் கடிதமே எழுதியது. சில பலசரக்குக்காரர்களுக்கு, ஏஜென்சி வண்டியில் வருவதைவிட சூப்பர் மார்க்கெட்டில் ஆஃபர் நாளில் வாங்கி வந்து விற்பதே கட்டுப்படியாகிறது.