நிலைமொழி, வருமொழி, நடுவில் தம்பி

இந்த மாதப் பாடம் உயர்நிலை 1, உயர்நிலை 2 படிக்கும் நம் தம்பி தங்கைகளைப் பற்றியது. அவர்களுடைய பள்ளியில் என்ன நடக்கிறது என்று வீட்டில் எவ்வளவு தெரிகிறது, எப்படித் தெரிகிறது, அதில் அண்ணன் அக்காவாகிய நமக்கு என்ன வேலை என்று பார்ப்போம். "இதுல ஆன்மிகம் எங்க இருக்கு?"னு கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். தைத்திரீய உபநிஷதத்திலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

கிருஷ்ண யஜுர் வேதத்தைச் சேர்ந்த அந்த உபநிஷதத்தின் முதல் பகுதிக்கு சீக்ஷாவல்லி என்று பெயர். படிப்பு முடிந்து புறப்படும் மாணவனிடம், தாய், தந்தை, ஆசிரியர், விருந்தினர் நால்வரையும் தெய்வமாக மதி என்று ஆசிரியர் சொல்லும் அறிவுரை அதில்தான் வருகிறது. அது எல்லாருக்கும் தெரியும். ஆண்டு விழா மேடையில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லிவிடுவார். அதற்கு முன்னால், மூன்றாவது அனுவாகத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை.

அது இலக்கணத்தை வைத்து உலகத்தை விளக்குகிறது. இரண்டு எழுத்துகள் சேரும்போது முன்னால் ஒன்று நிற்கிறது, பின்னால் ஒன்று வருகிறது, நடுவில் சந்தி, பிறகு அவற்றைச் சேர்த்துவைக்கும் செயல் என்று நான்கு விஷயங்கள். தமிழ் வகுப்பில் நிலைமொழி, வருமொழி, புணர்ச்சி என்று படித்தோமே, வலி மிகுமா மிகாதா என்று தெரியாமல் மதிப்பெண் போன இடம், கிட்டத்தட்ட அதேதான். இந்த நான்கையும் வைத்துக் கல்வியை உபநிஷதம் இப்படிப் பிரிக்கிறது: ஆசிரியர் முன்னால், மாணவர் பின்னால், நடுவில் கல்வி, எடுத்துச் சொல்லுதல்தான் அவர்களைச் சேர்ப்பது. அடுத்ததாக, குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது தாய் முன்னால், தந்தை பின்னால், நடுவில் பிள்ளை.

இரண்டிலும் இருப்பது ஒரே பிள்ளை என்பதைக் கவனியுங்கள். குருகுலத்தில் இது சிக்கலாக இருந்திருக்காது. மாணவனுக்கு அங்கே அந்தேவாசி என்று பெயர், அதாவது அருகிலேயே வசிப்பவன். ஆசிரியர் வீட்டிலேயே தங்கிவிடுவான், படிப்பு முடிந்தபின்தான் ஊர் திரும்புவான். நம் தம்பி அப்படி இல்லை. காலையில் இருட்டோடு கிளம்பி சாயந்திரம் திரும்பி வருகிறான். தினமும் இரண்டு இடத்துப் பிள்ளை. அப்படியென்றால் அந்த நான்காவது விஷயம், எடுத்துச் சொல்வது, பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவிலும் தினமும் நடக்க வேண்டும். (இது என் வாசிப்பு. பழைய உரைகாரர்கள் பள்ளிச் சுற்றறிக்கையை மனத்தில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.)

ஒரு காலத்தில் இங்கே இது மொழி அளவிலாவது சுலபமாக இருந்தது. நோரிஸ் ரோட்டில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தர் பெயரிலும் சாரதா தேவி பெயரிலும் தமிழ்ப் பள்ளிகள் நடத்திய காலம் அது. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1946இல் தொடங்கி, பிறகு உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982இல் மூடப்பட்டது. அங்கெல்லாம் பள்ளி அனுப்பும் கடிதத்தை வீட்டில் தாத்தாவே படித்துவிடலாம். 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியானது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆங்கிலத்தால்தான் நானும் பொறியியல் படிக்கிறேன். ஆனால் கடிதத்தின் மொழி ஒரு பக்கமும் பாட்டியின் மொழி இன்னொரு பக்கமும் நின்றுவிட்டன. தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மாக்களுக்கு இங்குள்ள ஆங்கிலம் ஓரளவு புரியும். இங்குள்ள பள்ளி முறை புரிய அது மட்டும் போதாது.

இப்போது கடிதமும் இல்லை. 2019 ஜனவரியில் கல்வி அமைச்சு பேரண்ட்ஸ் கேட்வே செயலியைக் கொண்டுவந்தது. அதற்குமுன் பள்ளிப்பையின் அடியில் நசுங்கிக் கிடந்த ஒப்புதல் படிவங்கள் இப்போது பெற்றோரின் கைப்பேசிக்கே நேராகப் போகின்றன. சிங்பாஸ் வழியாக நுழையலாம். அறிவிப்பைப் படிக்கலாம், முகாமுக்குச் சம்மதம் தரலாம், விடுமுறையில் வெளிநாடு போவதைப் பதியலாம். வசதியான ஏற்பாடுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? முன்பு அந்த நசுங்கிய காகிதம் சாப்பாட்டு மேசையில் கிடக்கும், பாட்டிகூட "இது என்னடா தாள்?" என்று கேட்பார். இப்போது அது அப்பாவின் கைப்பேசிக்குள் இருக்கிறது. அப்பா துவாஸில் ஷிஃப்டில் இருக்கிறார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தாய், தந்தை இருவருமே தத்தம் சிங்பாஸ் வழியாக அந்தச் செயலியில் சேரலாம் என்பதே சில வீடுகளில் தெரிவதில்லை. இந்த வாரம் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், அம்மாவின் கைப்பேசியில் அதை இறக்கிக் கொடுங்கள்.

எங்கள் துறையில் ஒரு பாலபாடம் உண்டு: செய்தி அனுப்பியதும் வேலை முடியாது, மறுமுனையிலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வர வேண்டும். செயலியில் அந்தப் பதில் உடனே போய்விடும், அப்பா விரலால் தொட்டாலே போதும். படித்தாரா, புரிந்ததா என்பது வேறு கதை.

உயர்நிலை 1இல் இது ஏன் இவ்வளவு முக்கியம்? தொடக்கநிலை 6 வரை பெற்றோர் கழுகு மாதிரி பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் அப்பாடா என்று ஒரு பெருமூச்சு. "இனி அவனே பாத்துக்குவான், பெரிய பையனாயிட்டான்." ஆனால் எல்லாமே மாறுவது அப்போதுதான். முக்கியமான பாடங்களை எடுத்த இரண்டு மூன்று ஆசிரியர்கள் போய், பாடத்துக்கு ஒருவர் என்று வருகிறார்கள். இணைப்பாட நடவடிக்கை முடிந்து ஆறு மணிக்கு மேல் வீடு. பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள் வேறு இடத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டும். பீட்டி ரோட்டில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது, சிண்டா அலுவலகத்துக்குப் பக்கத்தில். பிற்பகலில் அந்தப் பக்கம் போனால் பல நிறச் சீருடைகளைச் சேர்ந்தாற்போல் பார்க்கலாம். எந்தெந்தக் கிழமை அந்த வகுப்பு என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்று தெரியும்.

அரையாண்டுத் தேர்வும் இல்லை. 2023 முதல் தொடக்கநிலை, உயர்நிலை எல்லா வகுப்பிலும் அது எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு நல்லதுதான், மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. ஆனால் நம் அம்மா அப்பாவின் மனக் கடிகாரம் இன்னும் ஜூன் விடுமுறைக்கு முன் ஒரு ரிப்போர்ட், வருடக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் என்றே ஓடுகிறது. இப்போது தவணைக்குள் நடக்கும் சிறு மதிப்பீடுகளில்தான் பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று தெரியும். அதைப் பார்க்காத வீட்டில் பிப்ரவரியில் கணக்கில் சறுக்கியது அக்டோபரில்தான் தெரிய வரும். அக்டோபரில் திட்டி என்ன பிரயோஜனம்?

2024இல் சேர்ந்தவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளும் கிடையாது. ஜி1, ஜி2, ஜி3 என்று ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி நிலை. ஒரு பிள்ளை தமிழை ஜி3இலும் கணிதத்தை ஜி2இலும் படிக்கலாம், நன்றாகச் செய்தால் மேலே போகலாம். உயர்நிலை 2 முடிவில் அடுத்த இரண்டு ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பாலிடெக்னிக்கா, தொடக்கக் கல்லூரியா, எந்தத் துறை என்பதெல்லாம் அதைத் தொட்டுத்தான் வரும். "அவன் எக்ஸ்பிரஸா?" என்று இன்றும் கேட்கும் மாமாவிடம் கோபப்படாதீர்கள், அவர் படித்த காலத்தில் அதுதான் கேள்வி. உட்கார வைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பாட்டிக்கும் புரியும்படி ஒருவரால் சொல்ல முடிகிறது என்றால் அவருக்கே அப்போதுதான் சரியாகப் புரிந்திருக்கிறது என்று பொருள்.

இனி, கொஞ்சம் சங்கடமான பகுதி. பல வீடுகளில் அப்பாவின் கைப்பேசியை வாங்கிச் சம்மதம் என்று அழுத்துவது யார்? பிள்ளைகள்தான். சில இடங்களில் மூத்தவர்களாகிய நாமே. "டேய், அந்த ஸ்கூல் மெசேஜ் வந்திருக்கு, என்னனு பாத்து அமுக்கிடு." அப்பாவுக்கு நேரமில்லை, நமக்கு ஐந்து நொடி வேலை.

அந்த ஐந்து நொடியில் என்ன போகலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உயர்நிலை மாணவர்கள் எல்லாருக்கும் இப்போது சொந்தக் கற்றல் கருவி உண்டு, ஐபேடோ மடிக்கணினியோ. அதில் ஒரு கட்டுப்பாட்டு மென்பொருள் இருக்கும். பள்ளி நேரத்துக்குப் பிறகு அது எப்படி இயங்க வேண்டும் என்று பெற்றோர் தீர்மானிக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் பள்ளி நேரக் கட்டுப்பாடுகள் வீட்டிலும் தொடரும். முதல் மாற்று வழியில் பெற்றோரே அவற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் பள்ளி முடிந்ததும் மென்பொருள் முழுவதுமாக அணைந்துவிடும். 13 வயதுப் பையன் கையில் அப்பாவின் கைப்பேசி கிடைத்தால் எதை அழுத்துவான் என்று நான் சொல்லவே வேண்டாம்.

சிங்பாஸ் என்பது அப்பாவின் கையெழுத்து. அதை நாம் போடக்கூடாது, போட விடவும் கூடாது. நம்மால் முடிந்தது பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவது. "அப்பா, இதுல மூணு வழி இருக்கு, இது இப்படி, அது அப்படி, நீங்க சொல்லுங்க." முடிவு அவருடையது. அவர் எடுக்கும் முடிவு நமக்குப் பிடிக்காமல் போகலாம், தம்பிக்கு நிச்சயம் பிடிக்காது. பரவாயில்லை. நம் வீடுகளில் பிள்ளைகள் 'மொழிபெயர்ப்பாளர்' ஆகும்போது மெல்ல மெல்ல 'தீர்மானிப்பவர்' ஆகிவிடுகிறார்கள். அதனால் அம்மா அப்பாவின் இடம் சுருங்குவதை யாரும் கவனிப்பதில்லை. தெய்வமாக மதி என்ற அந்த அறிவுரைக்கு, அவர்களுக்குத் தெரிய வேண்டியதைத் தெரிய வைப்பதும் ஒரு பொருளாக இருக்க முடியாதா?

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசிரியருக்கு இரவு பத்து மணிக்கு வாட்ஸ்ஆப் அனுப்பும் பெற்றோர். ஆசிரியர்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்குப் பின் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று 2024இல் கல்வி அமைச்சு தெளிவாகவே சொல்லிவிட்டது. அதுவும் நியாயம். அவரும் ஒரு வீட்டுக்குத் திரும்புகிறவர்தானே. அதேபோல, தம்பியின் சின்னச் சின்ன ரகசியங்களை வீட்டுக்குக் கடத்தும் ஒற்றன் வேலையும் நமக்கு வேண்டாம். வகுப்பில் யாரோடு சண்டை, கேண்டீனில் என்ன சாப்பிட்டான் என்பது அவன் சொல்ல வேண்டிய கதை. "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு சயின்ஸ் லேப்ல யாரு எதை உடைச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவான்.

கடைசியாக, செய்தி பள்ளியிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்று நினைக்கிறோமே, வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக வேண்டியதும் இருக்கிறது. இதில் நாம், குறிப்பாக இந்துக் குடும்பங்கள், ரொம்பக் கூச்சப்படுகிறோம். தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை, 1968இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. தம்பி பால்குடம் எடுக்கிறான் என்றால், சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்கிறான் என்றால், மறுநாள் "காய்ச்சல்" என்று கடிதம் எழுதும் வீடுகளை எனக்குத் தெரியும். எதற்குப் பொய்? கடவுளுக்கு நடந்துவிட்டு ஆசிரியரிடம் பொய் சொல்வதா? இரண்டு வாரம் முன்பே வகுப்பாசிரியருக்கு உள்ளபடி எழுதுங்கள்: இன்ன நாள், இன்ன வழிபாடு, அன்று மதிப்பீடு இருந்தால் எப்படி ஈடுசெய்யலாம். விரதம் இருக்கும் 48 நாளில் பள்ளி முகாம் வந்தால், படிவத்தில் மாட்டிறைச்சி வேண்டாம் என்பது ஒரு கட்டம், சைவம் என்பது இன்னொரு கட்டம். பழக்கதோஷத்தில் முதலாவதைத் தொட்டுவிட்டால் முகாமில் மூன்று நாளும் ரொட்டிதான்.

ஆண்டிறுதித் தேர்வுக் காலத்தில் நவராத்திரி வரும், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதி வரும், தீபாவளியும் பக்கத்திலேயே நிற்கும். ஆகவே அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தம்பி தங்கையின் பள்ளி நாள்காட்டியைக் கொண்டுவாருங்கள். வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் அதையும். இரண்டையும் பக்கத்தில் விரித்து, எந்தெந்தத் தேதிகள் மோதுகின்றன என்று முதல் அரைமணி நேரம் குறித்துவிடுவோம். முடிந்தால் அம்மாவையும் அழைத்து வாருங்கள். தேநீர் ஏற்பாடு உண்டு.